முரளியின் முழங்கை

துபாயில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஷார்ஜா என்றால் முதலில் ஞாபகம் வருவது சாலை நெரிசல்தான். அவர்களுடைய அப்பாமாருக்கோ கிரிக்கெட். 1984-ல் அங்கே முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி நடந்தது. அப்துல் ரஹ்மான் புகாதிர் என்ற அரபு வர்த்தகர் பாலைவன மண்ணில் எழுப்பிய அந்த மைதானம், உலகத்திலேயே அதிகமான ஒருநாள் போட்டிகள் நடந்த மைதானமாக வளர்ந்தது. அன்றைக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. துபாயில் அது சனி, ஞாயிறாக மாறியது 2022 ஜனவரியில்தான். ஆகவே ஆராதனையும் வெள்ளிக்கிழமை, பெரிய ஆட்டமும் வெள்ளிக்கிழமை. காலையில் ஆராதனையை முடித்துக்கொண்டு, வேட்டி சட்டையை மாற்றிவிட்டு, ஒரே காரில் ஆறு பேராக ஷார்ஜாவுக்குப் போன கதை நம் மூத்தவர்களைக் கேட்டால் கிடைக்கும்.

அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமை 1986 ஏப்ரல் 18. ஆஸ்திரல்-ஆசியக் கோப்பையின் இறுதிப் போட்டி, இந்தியாவும் பாகிஸ்தானும். நம் ஸ்ரீகாந்த் 75, கவாஸ்கர் 92, வெங்சர்க்கார் 50. இந்தியா 245 எடுத்தது. பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 11 ஓட்டங்கள் தேவை. பந்து இருபது வயதுச் சேத்தன் ஷர்மாவின் கையில். ஐந்து பந்துகளில் 7 ஓட்டங்கள் போக, ஒரு பந்தில் நான்கு என்ற நிலை. யார்க்கராகப் போட நினைத்த பந்து தரையில் படாமல் நேரே இடுப்பளவில் வந்தது. ஜாவேத் மியாண்டாட் அதைத் தூக்கிச் சிக்சருக்கு அடித்தார்.

அந்த ஒரு பந்து சேத்தன் ஷர்மாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அவர் எங்கே பேட்டி கொடுத்தாலும் அந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. சரி, அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? அதே ஆண்டு இரண்டு மாதம் கழித்து லார்ட்ஸ் டெஸ்டில் 5 விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. பர்மிங்காம் டெஸ்டில் 10 விக்கெட். 1987 அக்டோபர் 31 அன்று நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று பேரை பவுல்டு ஆக்கினார். உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அது. இவற்றில் எதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "மியாண்டாடுக்கு ஃபுல்டாஸ் போட்டவன்" என்றுதான் கேட்டிருக்கிறோம்.

கணக்குப் பார்த்தால் அந்த இறுதிப் போட்டியில் இந்தியா ஒரு விக்கெட் இழப்புக்கு 216 என்று நின்றது. அங்கிருந்து 245-க்கு 7 என்று சரிந்தது. அங்கே இன்னும் இருபது ஓட்டங்கள் வந்திருந்தால் கடைசிப் பந்துக்கு வேலையே இருந்திருக்காது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் ரன் அவுட் வாய்ப்பு ஒன்றும் தவறியது. ஆனால் கூட்டத்தின் தீர்ப்புக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது, ஒரு கணம் வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கிடைத்த முகம் அது.

இந்தக் கட்டுரை சேத்தன் ஷர்மாவைப் பற்றியது அல்ல. அதே ஷார்ஜாவில் பதினான்கு ஆண்டுகள் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமையில், இந்தியாவுக்கு எதிராகப் பந்து வீசிய ஒரு தமிழரைப் பற்றியது. 2000 அக்டோபர் 27. முத்தையா முரளிதரன் பத்து ஓவர் வீசி, 30 ஓட்டங்கள் கொடுத்து, 7 விக்கெட் எடுத்தார். ஒருநாள் போட்டிகளில் அதுவரை யாரும் இவ்வளவு சிறப்பாக வீசியதில்லை. அதற்கு முந்தைய சாதனையும் இதே மைதானத்தில்தான்: 1991-ல் பாகிஸ்தானின் ஆக்கிப் ஜாவேத் 37 ஓட்டங்களுக்கு 7 எடுத்ததும் இந்தியாவுக்கு எதிராகவே. முரளி எடுத்த நாளில் மைதானத்தில் இருந்த நம் தமிழர்கள் இரண்டு மனதாக இருந்தார்களாம். இந்தியா தோற்கிறது, தோற்கடிப்பவன் நம்ம ஆள். இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டியில் இந்தியா 54 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது அந்த இரண்டு மனமும் இல்லை, எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். ஹன்சி குரோனியே சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கியது வெளியான ஆண்டல்லவா அது? எந்தப் பெரிய தோல்வியையும் "விற்றுவிட்டார்கள்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும் பழக்கம் அந்த ஆண்டில்தான் நமக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

முரளிக்கு அது புதிதல்ல. அவர் மேல் வேறொரு தீர்ப்பு ஐந்து ஆண்டுகளாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய பின்னணியைச் சொல்லிவிடுகிறோம். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தகப்பனார் சின்னசாமி முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1972 ஏப்ரல் 17-ல் நான்கு பிள்ளைகளில் மூத்தவராக முரளி பிறந்தார். ஐந்து வயதில், 1977 கலவரத்தில், குடும்பத்தின் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. படித்தது கண்டியில் கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே அவர் முதலில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். சுழற்பந்துக்கு மாற்றியவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. நட்சத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட பள்ளிக்கூடப் பயிற்சியாளர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நாமும் கடந்துவிடுகிறோம், வேறு வழியில்லை.

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுவதும் நேராக நீளாது. அதோடு மணிக்கட்டு அசாதாரணமாகச் சுழலும், தோளும் வேகமாகச் சுழலும். விரல்களால் சுழற்றும் பெரும்பாலான ஆஃப் ஸ்பின்னர்களைப் போல் அல்லாமல் மணிக்கட்டால் சுழற்றினார். 1992 ஆகஸ்டில் கொழும்பு கெத்தாராமையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். மூன்று ஆண்டுகள் யாரும் மைதானத்தில் தடுக்கவில்லை.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கே நடக்கும் டெஸ்ட் ஆஸ்திரேலியர்களுக்கு ஒரு திருவிழா. ஐம்பத்தைந்தாயிரம் பேர் அரங்கத்தில். நடுவர் டாரல் ஹேர், முரளி பந்து வீசும் முனையில் நின்றபடியே கையை நீட்டி "நோ-பால்" என்றார். முரளி பந்தைப் போடவில்லை, எறிகிறார் என்பது தீர்ப்பு. மூன்று ஓவர்களில் ஏழு முறை. தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை எதிர்முனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு தடவையும் கை நீட்டவில்லை. ஒரே மனிதன், ஒரே கை, ஒரே நாள். ஒரு முனையில் குற்றவாளி, மறுமுனையில் குற்றமற்றவன்.

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டி. நடுவர் ராஸ் எமர்சன் இன்னொரு ஏழு முறை நோ-பால் சொன்னார். முரளி லெக் பிரேக் போட்டுப் பார்த்தார். முழங்கையை நிமிர்த்தி எறிவதற்கு அந்தப் பந்தில் வழியே இல்லை என்பது கிரிக்கெட் தெரிந்தவர்கள் பலரின் கருத்து. அதற்கும் நோ-பால்.

இந்த இடத்தில் விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. கை மடங்கியிருக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை. மடங்கிய கையோடு ஓடிவந்து மடங்கிய கையோடே பந்தை விட்டால் அது சரியான பந்து. கை சுழன்று வரும்போது மடங்கியிருந்த முழங்கை நிமிர்ந்தால்தான் அது எறிதல். நிமிர்கிறதா இல்லையா என்பதை ஒரு நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் நடுவரின் கண் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். விளக்கை எரியவிட்டு, சுவருக்கும் விளக்குக்கும் நடுவில் நின்று, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, மடக்கியபடியே கையைத் தோளிலிருந்து திருப்புங்கள். கை அப்படியே மடங்கித்தான் இருக்கிறது. ஆனால் சுவரில் விழும் நிழல் ஒரு கோணத்தில் வளைந்தும் அடுத்த கோணத்தில் நேராகவும் தெரியும். நிழலை மட்டும் பார்ப்பவர் கை நிமிர்ந்தது என்று சத்தியம் செய்வார். தொலைக்காட்சித் திரையும் ஒரு சுவர்தானே. 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் முரளியின் கையைப் பல கோணங்களில் படம் பிடித்து அளந்த நிபுணர்கள் இதையேதான் சொன்னார்கள்: எறிவதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கம். சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அவரைத் தொடர்ந்து விளையாட அனுமதித்தது. அவர் தெரிந்தே அந்த நிபுணர்களைத் தேடிப்போனார் என்பது கவனிக்க வேண்டியது. அறிக்கை பாதகமாக வந்திருந்தால் அவருடைய ஆட்டம் இருபத்து நாலு வயதில் முடிந்திருக்கும்.

அறிக்கை வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று நினைப்போம். நிற்கவில்லை. 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் முரளி ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைத் தோற்கடித்தார். இங்கிலாந்தின் பயிற்சியாளர் டேவிட் லாயிட், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பந்து வீச்சைப் பற்றித் தமக்கு ஒரு கருத்து உண்டு என்று ஊடகத்தாரிடம் ஜாடையாகச் சொன்னார். கண்டிக்கப்பட்டார். ஒரு பயிற்சியாளர் தம் மட்டையாளர்கள் ஏன் பதினாறு தடவை ஏமாந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய வேளையில் எதிராளியின் முழங்கையைக் காட்டியது நமக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

1999 ஜனவரி 23, அடிலெய்டு. மறுபடியும் எமர்சன், மறுபடியும் நோ-பால். இந்த முறை ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். கொழும்புக்குத் தொலைபேசியில் பேசி, ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. இங்கிலாந்து எடுத்த 302-ஐ இலங்கை ஒரு விக்கெட் மீதமிருக்கத் தாண்டியது. அன்றைய ரணதுங்கவை ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் திமிர் பிடித்தவர் என்று எழுதின, இலங்கையில் வீரர் என்று எழுதினார்கள். சிங்களத் தலைவர் ஒருவர் தமிழ்ப் பந்து வீச்சாளருக்காகத் தம் பதவியையே பணயம் வைத்து நின்றது, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் சாதாரணக் காரியம் அல்ல. அணியில் தமிழர்கள் முரளி, ரசல் ஆர்னால்ட் என்று மிகச் சிலரே.

அதன்பின் ஆஸ்திரேலிய அரங்கங்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. முரளி பந்து வீச வந்தால் கூட்டம் சேர்ந்து "நோ-பால்" என்று கத்தும். அவர்களில் ஒருவராவது அந்த 1996 அறிக்கையைப் படித்திருப்பாரா என்று கேட்டுப் பயனில்லை. அரங்கத்தில் கத்துவதற்கு அறிக்கை எதற்கு? 2004 மே மாதம், கோர்ட்னி வால்ஷின் 519 விக்கெட் சாதனையை முரளி ஹராரேயில் தாண்டிய அதே மாதத்தில், ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹாவர்டே அவர் எறிகிறவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியா சென்ற இலங்கை அணியோடு முரளி போகவில்லை.

இங்கே நாம் ஒருதலையாகச் சொல்லிவிடக் கூடாது. ஹாவர்டு வெறும் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை. அப்போதுதான் முரளியின் "தூஸ்ரா"வைப் பெர்த்தில் அளந்திருந்தார்கள். ஆஃப் ஸ்பின் போலவே வந்து எதிர்த்திசையில் திரும்பும் அந்தப் பந்தை வீசும்போது அவருடைய முழங்கை சுமார் 14 பாகை நிமிர்வதாகத் தெரிந்தது. பயிற்சிக்குப் பிறகு அது 10 பாகையளவுக்குக் குறைந்தது. அன்றைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகைதான் அனுமதி. வேகப்பந்து வீச்சாளருக்கு 10. எனவே அந்தப் பந்து அன்றைய சட்டப்படி தவறுதான். அதை வீச வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும் செய்தார்கள்.

ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் எல்லாப் பந்து வீச்சாளர்களையும் படம் பிடித்து அளந்து பார்த்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி. ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் நிமிர்ந்தது. அழகான, தூய்மையான வீச்சு என்று வர்ணனையாளர்கள் புகழ்ந்த வேகப்பந்து வீச்சாளர்களின் கையும் 11, 12 பாகை என்று நிமிர்ந்தது. யாருடைய கை நேராகத் தெரிந்ததோ அவரை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வைப் பரிசீலித்த குழுவில் மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங்கும் இருந்தார். எறிகிறவர்களை அதுவரை கடுமையாகக் கண்டித்துவந்த அவர், அளவுகளைப் பார்த்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டதை வெளிப்படையாக எழுதினார். அப்படி எழுதிய பிரபலங்கள் அதிகம் பேர் இல்லை. இந்தியாவின் பிஷன் சிங் பேடி கடைசி வரை மாறவில்லை. 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று ஒரே விதி வந்தது; வெறுங்கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும் அளவு அது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. பழைய விதியை எழுத்தின்படி கடைப்பிடித்திருந்தால் உலகத்தில் பந்து வீச ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

2004-ல்தான் முரளி இன்னொன்றும் செய்தார். முழங்கை அசையவே முடியாதபடி எஃகுக் கம்பிகள் வைத்த உறையைக் கையில் கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கேமராவின் முன் தம் எல்லா வகைப் பந்துகளையும் வீசிக் காட்டினார். மறைக்க ஒன்றுமில்லாத மனிதன் செய்யும் காரியம். அதைப் பார்த்தும் சிலர் நம்பவில்லை, உறை தளர்வாக இருந்திருக்கும் என்றார்கள். ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டவருக்கு எந்தச் சாட்சியும் போதுவதில்லை.

2005-ல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் தலைமையகமும் லண்டன் லார்ட்ஸிலிருந்து நம் துபாய்க்கு வந்துவிட்டது. இப்போது ஒரு வீச்சில் சந்தேகம் வந்தால் நடுவர்கள் ஆட்டம் முடிந்தபின் எழுதிக்கொடுக்கிறார்கள். வீச்சாளர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார். அங்கீகாரம் பெற்ற கூடங்களில் ஒன்று சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் இருக்கிறது. ஆய்வுக்கூடம் எல்லோரையும் விடுவித்துவிடும் என்றும் இல்லை. 2012 ஜனவரியில் இதே துபாய் ஸ்போர்ட்ஸ் சிட்டி மைதானத்தில் இங்கிலாந்தின் 7 விக்கெட்டுகளை ஒரே இன்னிங்சில் எடுத்த பாகிஸ்தானின் சயீத் அஜ்மல், 2014 செப்டம்பரில் அளவு தாண்டியதாக நிறுத்தப்பட்டார். நம்மில் பலருக்கு அவர் மேல் பிரியம். இருந்தாலும் அளவு அளவுதான்.

டாரல் ஹேரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெற்காசிய ரசிகர்கள் அவரை இனவெறியர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். 1995-ல் நடுவருக்கு வேறு வழி எதையும் விதி தரவில்லை. சந்தேகம் இருந்தால் மைதானத்திலேயே கை நீட்ட வேண்டும், அவ்வளவே. அவர் தம் கண் கண்டதைச் சொன்னார். கண் தவறாகக் கண்டது. ஆனால் 1998-ல் சுயசரிதை எழுதி அதிலும் முரளியைத் தாக்கியது நடுவர் வேலையில் சேராது, அதற்காக விசாரணைக்கும் ஆளானார். முதல் காரியத்துக்கும் இரண்டாவது காரியத்துக்கும் வித்தியாசம் பார்ப்பவர்கள் குறைவு. மனிதனை முழுசாகத் தூக்கி எறிவது சுலபமாக இருக்கிறது.

2007 டிசம்பர் 3, கண்டி அஸ்கிரியா. பால் காலிங்வுட்டை பவுல்டாக்கி 709-வது விக்கெட். ஷேன் வார்னின் 708-ஐத் தாண்டினார். பிறந்த ஊரிலேயே. 2010 ஜூலை 22, காலி. ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு விளையாடிய கடைசி டெஸ்டில் எட்டு விக்கெட் வேண்டியிருந்தது. எட்டாவதாகப் பிரக்யான் ஓஜா, ஜெயவர்த்தன பிடித்தது. 133 டெஸ்டுகளில் 800. அதற்குமேல் அவர் டெஸ்டில் ஒரு பந்தும் வீசவில்லை.

அத்தோடு கதை முடிந்தது என்று ஆஸ்திரேலியர் சொல்லலாம். தமிழர் நாம் சொல்ல முடியாது. முழங்கை வழக்கில் நாம் எல்லோரும் முரளி பக்கம். அடுத்த வழக்கைத் தொடுத்தவர்களே நாம்தான்.

2005-ல் முரளி மணந்தது சென்னைப் பெண்ணான மதிமலரை. 2008 முதல் மூன்று ஆண்டுகள் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடினார், சேப்பாக்கம் அவரைக் கொண்டாடியது. 2009-ல் முள்ளிவாய்க்காலோடு போர் முடிந்தது. 2013-ல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று தமிழக அரசு சொன்னபோது, அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிக்கும் அதுதான். தமிழ் பேசுகிற, தமிழ்நாட்டு மாப்பிள்ளையான ஒருவரைத் தமிழருக்காகத் தமிழ்நாட்டில் ஆடவிடவில்லை. இது விசித்திரம் என்று சொல்லிச் சிரித்துவிடலாம். ஆனால் காரணம் சிரிப்புக்குரியதல்ல. அதே ஆண்டு யாழ்ப்பாணம் வந்த பிரிட்டிஷ் பிரதமர் கேமரூனிடம் காணாமற்போனவர்களின் தாய்மார் அழுதார்கள். கேமரூன் தவறாக வழிநடத்தப்பட்டிருக்கலாம் என்று முரளி பேட்டியில் சொன்னார். 2019-ல் கோத்தபாய ராஜபக்சவை ஆதரித்துப் பேசியபோது, போர் முடிந்த 2009-ஐ மகிழ்ச்சிக்குரியதாகக் குறிப்பிட்டார். இரு தரப்பிலும் சாவு நின்றதைத்தான் சொன்னேன், அப்பாவிகளின் கொலையை ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று பின்னர் விளக்கினார். அந்த விளக்கம் பலருக்குப் போதவில்லை.

நம் சபையில் நாகர்கோவில், தூத்துக்குடிக் குடும்பங்களோடு ஈழத்துக் குடும்பங்களும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று சொல்ல நமக்கு வாய் வராது. முழங்கை அவர் தேர்ந்தெடுத்தது அல்ல, சொல் அவர் தேர்ந்தெடுத்தது. சொல்லுக்குப் பதில் சொல்லும்படி கேட்பது நியாயம். அதேவேளையில், ஐந்து வயதில் தன் வீட்டுத் தொழில் எரிந்ததைக் கண்ட மலையகத் தமிழன், எல்லோரும் ஒன்றாக வாழ்ந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நினைத்ததில் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டத் தமிழரின் குடியுரிமையை 1948-ல் பறித்தபோது யார் யார் பேசாமல் இருந்தார்கள் என்ற நினைவும் அதில் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தின் நினைவும் கண்டியின் நினைவும் ஒன்றல்ல. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் "தமிழர்" என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

2020 அக்டோபரில் நடந்ததை நம் வாலிபர்கள் நேரில் அறிவார்கள். கொரோனாவால் ஐ.பி.எல். இங்கே துபாய், ஷார்ஜா, அபுதாபியில் ஆளில்லா அரங்கங்களில் நடந்தது. அந்த மாதம் முரளியின் வாழ்க்கைப் படமான "800"-ல் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பு தெரிவித்தவர்களில் மூத்த கலைஞர்களும் இருந்தார்கள், நிதானமாக எழுதியவர்களும் இருந்தார்கள். தம்மால் ஒரு கலைஞன் பாதிக்கப்பட வேண்டாம் என்று முரளியே கேட்டுக்கொள்ள, சேதுபதி "நன்றி வணக்கம்" என்று இரண்டு சொல்லோடு விலகினார். தம்மால் ஒரு கலைஞன் பாதிக்கப்பட வேண்டாம் என்று முரளியே கேட்டுக்கொள்ள, சேதுபதி "நன்றி வணக்கம்" என்று இரண்டு சொல்லோடு விலகினார்.

அதே மாதம், 7-ம் தேதி, அபுதாபியில் சென்னை சூப்பர் கிங்ஸ் கொல்கத்தாவிடம் 10 ஓட்டங்களில் தோற்றது. அன்றும் மிரட்டல் வந்தது ஒரு மகளுக்குத்தான்: தோனியின் ஐந்து வயதுக் குழந்தைக்கு. குஜராத்தின் முந்த்ராவில் போலீசார் பிடித்தது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் 16 வயதுப் பையனை.

"800" மதுர் மிட்டல் நடிக்க 2023 அக்டோபரில் வெளிவந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. போன மாத வாலிபர் கூடுகையில் இந்த விஷயத்தைப் பேச எடுத்தோம். முழங்கையைப் பற்றிப் பேசும்வரை எல்லோரும் ஒரே குரல். 2019 பேச்சுக்கு வந்ததும் ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேர், ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் நுவரெலியா, ஒருவருக்கொருவர் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. அக்கா, உங்களுக்குத் தெரியாது என்றான் ஒருவன். தெரியாததைச் சொல்லு தம்பி, கேட்கிறேன் என்றாள் மற்றவள். அவன் சொன்னான். மணி பத்தாகி, மண்டபத்தின் விளக்கை அணைக்கக் காவலாளி வந்தபோதும் இருவரும் எழுந்திருக்கவில்லை.